ராயபுரத்திலிருந்து மெரினாவுக்கு மூன்று நாள்

டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

கதவுக்குப் பின்னால் இப்படி ஒரு சத்தம் கேட்டால், ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே எங்கள் தொழிலில் பாதி வேலை முடிந்துவிடும். நாலு கால் ஊன்றுகோல். இடது கால் இழுக்கிறது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நாலு மூச்சு. இவரை ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது, மதியம் இரண்டு மணி நேரம் படுக்கவைக்க வேண்டும் என்று சத்தத்தை வைத்தே நோட்டில் எழுதிவிடுவேன்.

நடக்கச் சிரமப்படும் வயசானவர்கள் பட்டணத்தைச் சுற்றிப் பார்க்கத் திட்டம் போட்டுக் கூட்டிப்போவது என் பகல் வேலை. எங்கே எத்தனை படி, எங்கே சாய்தளம், எந்தக் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியும், எந்த வாசலில் நாற்காலி நுழையும், எல்லாம் என் நோட்டில் இருக்கும். ராத்திரி வேலை வேறு. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எடைமேடை பார்க்கிறேன். லாரி மேடையில் ஏறும், எண்ணைப் பார்த்துச் சீட்டுக் கிழிப்பேன், லாரி இறங்கும். விடிந்தால் ஷிப்டு முடியும். ஊர் எழுந்திருக்கிற நேரத்தில் நான் படுப்பேன்.

வீட்டில் முழங்கால்வலிக்காரரையோ பக்கவாதக்காரரையோ வைத்துக்கொண்டு, லீவு வந்தால் எங்கே கூட்டிப்போவது என்று விழி பிதுங்குகிற அன்பர்களே, நான் பட்டது நீங்களும் பட்டதுதான். ஆகவே என் பிழைகளை உங்களிடம் ஒளிக்கவில்லை.

பச்சை கேட்டு

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பு எட்டாவதோடு நின்றது. அம்மா உயிரோடு இருந்தபோது ஒருமுறை அவரை ஒரு பெரிய பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். உள்ளே போக வண்டி உண்டு, நாற்காலி கேட்டால் தருவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்க வேண்டும் என்றும் தெரியாது. அம்மா நாற்பது அடி நடந்தார், ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார், அதற்குமேல் கால் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்த பெஞ்சிலேயே இருந்துவிட்டுத் திரும்பினோம். அதற்குப் பிறகுதான் தூக்கம் வராத பகல்களில் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஊரை அளக்க ஆரம்பித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டக்கா, "இன்னா பாத்த?" என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"கேட்டுக்கு நல்லா பச்சை பெயிண்ட் அட்ச்சி வெச்சிகிறாங்க."

பந்தயம்

மேலே சொன்ன ஊன்றுகோல் சத்தத்துக்குச் சொந்தக்காரர் சூசை ஐயா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மனைவி லூர்து அம்மாவுக்கு எழுபத்தொன்று. ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்தெருவில் முதல் மாடி வீடு, பதினேழு படி. ஒரே மகள் ஸ்டெல்லா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள்.

அந்த வருஷம் ஐயா குளியலறையில் இரண்டு முறை விழுந்திருந்தார். ஸ்டெல்லா பயந்துபோய் மாத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருவருக்கும் இடம் சொல்லிவைத்துவிட்டாள். ஐயா ஒப்பவில்லை. "தெருவுல இறங்க முடியாத ஆளு டாடி நீங்க" என்று அவள் போனில் சொல்ல, "தெரு இன்னா தெரு, பட்டணம் பூரா சுத்திட்டு வந்து காட்டறேன்" என்று இவர் எகிற, பேச்சு பந்தயமாகிவிட்டது. மூன்று நாள் வெளியே தங்கி, விழாமல் திரும்பி வந்தால் இல்லம் என்ற பேச்சையே அவள் எடுக்கக் கூடாது. விழுந்தால் அடுத்த மாசம் வீட்டைப் பூட்டிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அவளுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்கிற சாட்சி நான்.

எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். மெரினா என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். "கடல் கீது நைனா, நடுவுல கல்லு கீதே" என்றார். எங்கள் பக்கத்துக் கரை நெடுக அலையைத் தடுக்கப் பாறை கொட்டியிருக்கிறது. கால் நன்றாக இருப்பவனே ஏறி இறங்க யோசிப்பான். மெரினாவில் சக்கர நாற்காலி போக மரப்பலகைப் பாதை போட்டிருப்பதை அவர் டிவியில் பார்த்திருந்தார். உங்களுக்கு எங்கேம்மா என்று லூர்து அம்மாவைக் கேட்டேன். "அவுரு எங்கியோ அங்க" என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். புறப்படும்போது ஸ்டெல்லா போனில் வந்தாள்.

"டாடி எவ்வளவு கெஞ்சினாலும் கேக்காதீங்கண்ணா. நடந்தத மட்டும் சொல்லுங்க."

எழுபத்தெட்டு கிலோ

எடைமேடைக்காரன் புத்தி எடையில்தான் நிற்கும். சூசை ஐயாவின் எடை எழுபத்தெட்டு கிலோ. யார்டில் கிடந்த கல் உப்பை இரண்டு சாக்கில் கட்டி, நிறுத்து, சரியாக எழுபத்தெட்டு ஆக்கி, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கட்டினேன். வேன் ஓட்டுகிற பாஷா பாய் என் தோஸ்து. அவரும் நானுமாக அந்த மூட்டையோடு பயணம் முழுவதையும் ஒரே நாளில் ஒத்திகை பார்த்தோம். வேனில் ஏற்றும் பலகை வளைகிறதா, மரப்பாதையில் சக்கரம் சிக்குகிறதா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்து எழுதினேன். மெரினாவில் ஒரு சுண்டல்காரர் மூட்டைக்கும் சேர்த்து மூன்று பொட்டலம் நீட்டினார்.

மறுநாள் பெருமையாகப் போய் அட்டவணையைப் படித்துக் காட்டினேன். புறப்பாடு ஒன்பது மணி, படி இறங்க பதினோரு நிமிஷம், வேனில் ஏற ஆறு நிமிஷம், லாட்ஜ் சேர நாற்பது நிமிஷம். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார். லூர்து அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"எல்லாம் கரீட்டா கீது நைனா. ஆனா மூட்டைக்கு மூத்திரம் வராது."

லாட்ஜ் வாசலில் டேப்பு

ஒத்திகைக்கு முன்பே திருவல்லிக்கேணியில் ஒன்பது லாட்ஜ் ஏறி இறங்கியிருந்தேன். தரைத்தளத்தில் அறை இருந்தால் கழிவறை வெளியே இருந்தது. கழிவறை உள்ளே இருந்தால் வாசலில் முழ உயரத்துக்குப் படி இருந்தது. பத்தாவது லாட்ஜில்தான் எல்லாம் கூடிவந்தது. வாசல் அகலம் இருபத்தாறு அங்குலம், நாற்காலி இருபத்தைந்து. குளியலறைக் கதவில் ஒரு அங்குலம் இடித்தது. கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் திரை மாட்டிக்கொள்ளட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

கட்டில் உயரத்தை அளந்தேன், குழாய் உயரத்தை அளந்தேன், தரை வழுக்குகிறதா என்று தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்தேன். மேனேஜர் முதலில் என்னை ஏதோ ஆபீசிலிருந்து வந்தவன் என்று நினைத்து டீ வரவழைத்தார். கதவைப் பற்றிக் கேட்டதும் டீயைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"ரூமுக்கு மனுஷன் வர்றாரா சார், இல்ல பீரோ வருதா?"

லோடு

புறப்படும் நாள் காலை பதினேழு படி. ஐயாவைக் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் பாஷா பாய், பின்னால் நான். லூர்து அம்மா மேல்படியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். இது நடுவில் தவறினால் பந்தயம் வாசலிலேயே முடிந்துவிடும். என் உள்ளங்கை வியர்த்து நாற்காலிக் கை வழுக்கியது.

நாலாவது படியில் ஐயாவின் வலது கை மேலே எழுந்தது. முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்கிற ஆள் காட்டும் சைகையைப் பார்த்துத்தான் சரக்கை இறக்குவார். இப்போது அவரே சைகை காட்டினார். உள்ளங்கையைக் கீழே அசைத்தால் இறக்கு, முஷ்டியை மூடினால் நில். எங்களுக்கும் வேறு வழி தெரியவில்லை, கையைப் பார்த்தே இறங்கினோம். ஒன்பதாவது படியில் பாஷா பாய்க்குச் செருப்பு நழுவியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மேலே லூர்து அம்மா "சேசுவே!" என்று கத்தினார். ஐயாவின் முஷ்டி மூடிக்கொண்டது. குரலில் நடுக்கமே இல்லை.

"நில்லு. லோடு ஆடுது."

டிரெய்லர் வரிசை

ஒத்திகை அன்று ஞாயிற்றுக்கிழமை. அதை நான் யோசிக்கவில்லை. நாங்கள் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு நடுவே எங்கள் வேன் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. இருபதாவது நிமிஷத்தில் ஐயா லூர்து அம்மாவைப் பார்த்தார். அம்மா பையிலிருந்து வாய் வெட்டிய எண்ணெய் டப்பாவையும் பழைய புடவையையும் எடுத்தார். நாங்கள் இருவரும் இறங்கி நின்றோம். நான் மூன்று நாளுக்கு எழுதிய அட்டவணையில் அந்த டப்பா எங்கேயும் இல்லை. அம்மா பையில் இருந்தது.

இறங்கியது நல்லதாகப் போயிற்று. முன்னால் நின்ற டிரெய்லர் டிரைவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. எங்கள் மேடையில் எடை கூடிப்போய் நான் திருப்பி அனுப்பிய வண்டி. நடந்ததைச் சொன்னேன். வேனை எட்டிப் பார்த்தார், வண்டியை ஓரம் ஒடித்து, பக்கத்தில் நின்ற இரண்டு வண்டிகளையும் கத்தி நகரவைத்தார். வேன் நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. நன்றி சொல்லக் கையெடுத்தேன்.

"ராவெல்லாம் எங்கள நிக்க வெக்கிறியே மாமு, நின்னா எப்டி கீதுன்னு பாத்துகினியா?"

சுடுசோறு

முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கடை. ஐயா கவனமாகச் சாப்பிட வேண்டும், புரையேறினால் ஆபத்து. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்து மீனில் முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து, கவளம் கவளமாக இலையோரம் வைத்தேன். ஒவ்வொரு கவளமும் தொண்டை இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததை உருட்டினேன்.

லூர்து அம்மா எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்க சாப்பிடுங்கம்மா என்றேன். "அவுரு ஆவட்டும்" என்றார். அவருக்கு நான் இருக்கிறேனே என்று சொன்ன பிறகு சோற்றில் கை வைத்தவர், வெடுக்கென்று விரலை எடுத்துக்கொண்டார். இலையை ஏதோ அதிசயம்போலப் பார்த்தார்.

"இன்னாடா இது, சோறு சுடுது!"

ஆறு மணி

ராத்திரி காவலுக்கு என்னைவிடப் பொருத்தமானவன் யார்? யார்டில் லீவு சொல்லிவிட்டு, அவர்கள் அறைக்கு வெளியே நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவைத் தாழ் போடவில்லை. ஒரு முனகல் கேட்டால் உள்ளே போய்விடலாம். இருபது வருஷமாக ராத்திரி கண் விழித்த உடம்பு, கொட்டாவிகூட வரவில்லை. ஆனால் அந்த உடம்புக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஷிப்டு முடிகிற நேரத்தில் யாரோ சுவிட்சை அணைத்ததுபோலத் தூங்கிவிடும். வயசானவர்கள் எழுந்திருக்கிற நேரமும் அதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் வேண்டாத நேரமெல்லாம் விழித்திருந்துவிட்டு, வேண்டிய நேரத்தில் தூங்கிவிட்டேன்.

ஏழேகாலுக்கு விழிப்பு வந்தது. உள்ளே சத்தமே இல்லை. கதவைத் தள்ளினேன், கட்டில் காலி. குளியலறைத் திரையை விலக்கினால், ஈரத்தரையில் ஐயா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லூர்து அம்மா, அவர் தோளுக்குத் தன் தோளை முட்டுக்கொடுத்துக்கொண்டு. ஆறு மணிக்கு விழுந்திருக்கிறார். அம்மா தூக்கப் பார்த்து முடியாமல், தானும் கூடவே உட்கார்ந்துவிட்டார். கத்தினால் ஆள் கூடும், மகள் காதுக்குப் போகும் என்று ஐயா வாயை மூடச் சொல்லியிருக்கிறார். ஒன்றேகால் மணி நேரம் இருவரும் அப்படியே. ஐயாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடியில்லை. அவரைத் தூக்கிக் கட்டிலில் போட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வியலை நானு. வழுக்கி குந்திகினேன். ஸ்டெல்லா கேட்டா அதையும் சொல்லாத."

குறைந்த எடை

அன்று அருங்காட்சியகம் போனோம். சாய்தளம் இருந்தது, நாற்காலி நுழைந்தது, என் நோட்டு சொன்னது எல்லாம் சரியாக நடந்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஏழு மணியை நினைத்துக்கொண்டே நடந்தேன். ஐயா பந்தயத்தில் தோற்றால் அது அவர் காலால் அல்ல, என் தூக்கத்தால். என் தப்புக்கு அவர் வீட்டைப் பூட்டுவதா? ஆனால் சொல்லாமல் விட்டு, நாளைக்கு ராயபுரத்தில் அவர் விழுந்து தலையில் அடிபட்டால்?

ஏழு மணிக்கு நான் போன் போடவில்லை. ஏழு பத்துக்கு ஸ்டெல்லாவே போட்டாள். அடித்து ஓயும்வரை திரையில் அவள் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு 'எல்லாம் நலம்' என்று ஒரு செய்தி தட்டி அனுப்பினேன். பாஷா பாய் வேனுக்குள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"எடை போடறவன் நீ. கம்மியா எய்தி குடுத்தா வண்டி எங்க போயி கவுந்துடும்னு உனுக்கு நான் சொல்லணுமா?"

மரப்பாதை

பெரிய இடத்தைக் கடைசி நாளுக்கு வைப்பது என் வழக்கம். மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்ததும் மெரினா. பலகைகளில் சக்கரம் கடகடவென்று ஓடியது. பாதை முடிந்த இடத்தில் நிறுத்தினேன். அலை இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தது. பாஷா பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி, பிளாஸ்க் மூடியில் கடல்நீர் மொண்டுவந்து ஐயாவின் பாதங்களில் ஊற்றினார். ஐயா குனிந்து பார்த்து, "இதுல தெரியுது, இதுல தெரியல" என்று ஒவ்வொரு காலாகக் காட்டினார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை. தூரத்தில் துறைமுகத்துக்கு வரிசையில் நின்ற கப்பல்களை எண்ண ஆரம்பித்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, சொல்லவே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்போது ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். டாடியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "ஜாலியா கீறேன்மா, பாரு கடலு" என்றார். "விழுந்தீங்களா டாடி?" "யாரு, நானா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அண்ணா, நீங்க சொல்லுங்க." வாயைத் திறந்தபோது பொய்தான் வரும் என்று நினைத்தேன். "ஆமாம்மா. நேத்து காலைல. நான் தூங்கிட்டேன்" என்று வந்தது. ஐயா என்னைப் பார்த்தார். "கவுத்துட்டியே மாமு." பிறகு போனைப் பார்த்து, "இவன் தூங்கினான் ஸ்டெல்லா, அது என் கணக்குல வராது. ஒரே தபா. வூட்டுல நாங்க பாத்துக்குவோம். உங்கம்மா கீறா" என்றார்.

லூர்து அம்மா போனுக்குக் கை நீட்டினார். இடது கை. வலது கையை அப்போதுதான் பார்த்தேன். மணிக்கட்டு புடைத்து, கைக்குட்டையால் கட்டி, முந்தானைக்குள் இருந்தது. நேற்று காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறது. "ஸ்டெல்லா, பந்தயத்த வுடு. அவுரு ஜெயிச்சாலும் என்னால முடியாது. மூணு வருசமா ராவுக்கு மூணு தபா எய்ந்துக்கறேன். தூக்கறேன், குந்த வெக்கறேன், தொடைக்கறேன். எனக்கும் வயசு எய்வது தாண்டிச்சி. இந்த ரெண்டு நாளுதான் வேற கை தூக்கிச்சி." ஐயா கப்பல்களைப் பார்த்தபடியே இருந்தார். அந்தப் பக்கம் ஸ்டெல்லா அழுவது கேட்டது. நீங்க டாடிக்காக ஒத்துக்காம இருந்தீங்கன்னு நெனச்சேன் மம்மி என்றாள்.

"என்னிய யாரும் கேக்கல கண்ணு. மாத்தூருக்கு எனக்குத்தான் போவணும்."

ஏறும்போது

அன்றே ராயபுரம் திரும்பினோம். பதினேழு படி ஏற்றும்போது ஐயாவின் கை மடியிலேயே கிடந்தது, சைகை இல்லை. நாங்களே தட்டுத் தடுமாறி ஏற்றினோம். மேலே கட்டிலில் உட்காரவைத்த பிறகு லூர்து அம்மாவின் மணிக்கட்டைத் தன் வலது கையில் எடுத்து, கட்டை அவிழ்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்கிட்ட சொல்லக்கூடாதா லூர்து?" என்றார். புருஷனை வாங்க போங்க என்று பேசிய அம்மா, 'நீ' என்று சொன்னதை அப்போதுதான் கேட்டேன். குரலில் கோபம்கூட இல்லை.

"நீ எப்ப கேட்ட?"

மாத்தூர்

இல்லத்தை முன்கூட்டியே பார்த்து வரும்படி ஸ்டெல்லா என்னிடம் சொன்னாள். குளியலறை வாசலில் நாலு அங்குலத்துக்கு ஒரு தடுப்பு இருந்தது. நடத்துகிற அம்மாவிடம் சொன்னேன், ஒரே வாரத்தில் சிமெண்டு பூசிச் சரிவாக்கினார்கள். இந்தமுறை உப்பு மூட்டை எடுத்துப் போகவில்லை. பாஷா பாயின் வேனில் ஐயாவையும் அம்மாவையுமே கூட்டிப்போனேன். பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று ஐயாவிடம் சொல்லியிருந்தேன்.

இருவருக்கும் ஒரே அறை, இரண்டு கட்டில். லூர்து அம்மா ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் சும்மா சாய்ந்தார். நாங்கள் பையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தூங்கியிருந்தார், செருப்புகூடக் கழற்றவில்லை. ஐயா அந்தச் செருப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிடித்திருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே வேலை பார்க்கிற ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், தண்ணீர் கொண்டுவந்தார். ஐயா அவரைக் கீழிருந்து மேலே நோட்டம் விட்டார். "காலைல அஞ்சு மணி டூட்டி யாரு?" என்று கேட்டார். நான்தான் ஐயா என்றார் அவர். ஐயா வலது உள்ளங்கையைத் தாழ்த்தி, மெதுவாக, மெதுவாக என்று அசைத்தார்.

"கதவ சத்தமில்லாம தொற. அவ தூங்கட்டும்."

ஒன்பது லாட்ஜ் ஏறி இறங்கினேன், எல்லா வாசலையும் அளந்தேன், உப்பு மூட்டையைக்கூட நிறுத்துப் பார்த்தேன், ஐயாவைத் தினமும் தூக்குகிற கைக்கு எத்தனை வயசு என்று மட்டும் எழுத மறந்த திட்டக்காரன் நான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டு, இதை எழுத உட்காருவதற்காக வாளியில் பாதி துவைத்து விட்டுவந்த ஷிப்டுச் சட்டைக்குத் திரும்பவும் சோப்புப் போடப் போகிறேன்.